இரண்டே கால் மணி

மூன்றாம் முறை வந்தபோது
"எல்லாம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்" என்றாள் டாங்குவோலே.
காகிதத்துக்குக் கை நீட்டினேன்.
அவள் சட்டையைக் கழற்றினாள்.

வில்னியஸில் அது ஜனவரி.
ஜன்னலுக்கு வெளியே கொம்பு நழுவிய டிராலிபஸ் ஒன்று
பனிச்சேற்றில், ஏற்றத்தின் பாதியில் நின்றது.
அவள் அதைத்தான் பார்த்தாள், என்னை அல்ல.
பதினெட்டு வருடமாகப் பணிமனையில்
எந்த வண்டி எப்போது கிளம்பியது
எப்போது வந்து அடைந்தது
என்று எழுதுகிறவள்.

உடம்பெங்கும் நீலப் பால்பாயிண்ட் கோடுகள்.
ஒவ்வொரு தடிப்பைச் சுற்றியும் ஒரு வேலி,
வேலிக்கு வெளியே நேரம்.
இடது தொடை, செவ்வாய், காலை 6.40.
புதன், 6.40: இருக்கிறது.
வியாழன்: இருக்கிறது.
வெள்ளி என்பதற்கு நேரே
ஒரு புள்ளி மட்டும், பேனா அழுந்திய ஆழத்தில்.

காணாக்கடி என்றால் ஒரு பகலில் இறங்கிவிடும்.
இன்னோர் இடத்தில் ஏறிக்கொள்ளும்,
வந்த சுவடு இருக்காது.
எங்கள் பேச்சில் அதற்குக் காஞ்சொறியின் பெயர்.
புதரோரம் நடந்த கால்போல் சொறியவைக்கும், அவ்வளவுதான் என்று
அக்டோபரில் மாத்திரை எழுதினேன்.
நவம்பரில் அதே மாத்திரை, இரட்டிப்பாக.
அப்போதே சொன்னாள்:
அரிக்கவில்லை டாக்டர், எரிகிறது.
அரிப்பு என்றே பதிந்தேன்.
கணினியில் எரிச்சலுக்குக் கட்டம் இல்லை.
இது சாக்கு. தெரியும்.

கண்ணாடித் துண்டை வைத்து அழுத்தினேன்.
குழாய்க்குள் ஓடும் ரத்தம் என்றால்
விரல் பட்டதும் ஒதுங்கி வழிவிடும்,
தோல் வெளுக்கும்.
ஒதுங்கவில்லை.
கண்ணாடிக்கு அடியிலிருந்து சிவப்பு
அப்படியே என்னைப் பார்த்தது.
கசிந்து வெளியே வந்ததற்குத்
திரும்பிப் போக வாசல் ஏது.
பழைய வேலிகளுக்குள்
மஞ்சளும் தவிட்டு நிறமுமாய்க் கறை,
குடிவந்தவர் காலி செய்த வீட்டில்
படம் மாட்டியிருந்த இடம்போல.

நான்கு மில்லிமீட்டர் தோல் வெட்டி அனுப்பினோம்.
ஸ்கைஸ்தே நுண்ணோக்கியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்:
மயிரிழைச் சிரைகளின் சுவர் இற்றுப்போயிருக்கிறது.
காவலுக்கு வந்த வெள்ளணுக்கள்
காத்த வீட்டுக்குள்ளேயே வெடித்துச் சிதறி
கருநீலத் தூளாய்,
யாரோ மிளகு தட்டிப் போட்டதுபோல்.
வேலி பயிரை மேய்ந்திருக்கிறது.
(பேனா வேலி அல்ல.
அது நாணயமாக நின்றது.)

ரத்தத்தில் சி4 அடிமட்டத்தில்.
காலையில் விரல் மடங்குவதில்லை என்பதை,
கண் சிவந்து மூன்று வாரம் கிடந்ததை
இப்போதுதான் சொன்னாள்.
இல்லை,
இப்போதுதான் கேட்டேன்.

அன்றே பார்த்த ஒன்றைக்
கோப்பில் எழுதவில்லை.
தையல் போடக் குப்புறப் படுத்திருந்தாள்.
தோள்பட்டைகளுக்கு நடுவே,
அவள் கை எந்தப் பக்கமிருந்தும் எட்டாத இடத்தில்
ஒரு தடிப்பு.
அதற்கும் வேலி.
ஆனால் கோடு நடுங்கியிருந்தது,
இரண்டு இடத்தில் பேனாவை எடுத்து வைத்திருந்தார்கள்.
எண்கள் வேறு கையெழுத்து,
பள்ளிப் பிள்ளையின் எண்கள்போல் பெரிது பெரிதாக:
இரவு 2.15.
அடியில், மறுநாள் இரவு 2.15.
அதற்கடுத்த இரவும், நிமிடம் பிசகாமல்.

பணிமனையில் யாரோ.
அல்லது வீட்டில், கடிகாரத்துக்கு மணி வைத்துவிட்டு,
விளக்கைத் துணியால் மூடி,
தூங்குகிறவள் முதுகின்மேல் குனிந்து.
அழுத்தினால் எரியும் என்று தெரிந்து
அழுத்தாமல் எழுதிய எண்கள்.

"இது யார் எழுதியது?"

எழுந்து சட்டையை எடுத்துக்கொண்டாள்.
பொத்தான்களை மேலிருந்து கீழாக, ஒவ்வொன்றாக.
வெளியே யாரோ கயிற்றை இழுத்துக்
கொம்பைக் கம்பியில் மாட்டினார்கள்,
ஒரு பொறி தெறித்தது.

"இரவுப் பணி" என்றாள்.

சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும் என்று
மூடி போட்ட புட்டியை அவள் கையில் கொடுத்தேன்.
மேஜையிலிருந்த என் பேனாவை எடுத்து
அதன்மேல் நேரத்தை எழுதினாள்.